தண்டவாளம் பிடுங்கிக் கட்டிய கப்பல்கள்

1863ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் சிங்கப்பூர்த் துறைமுகத்துள் ஒரு போர்க்கப்பல் வந்து நின்றது. மூன்று பாய்மரங்களும் ஒரு புகைபோக்கியும் உடைய மரக்கப்பல் அது. 'அலபாமா' என்பது அதன் பெயர். ரபேல் செம்மெஸ் அதன் தலைவர். அமெரிக்காவில் வடமாநிலங்களுக்கும் தென்மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டு இரண்டரை ஆண்டுகள் கழிந்திருந்த காலம். தென்மாநிலத்தாரின் கப்பலாகிய 'அலபாமா', வடவர் வாணிகக் கலங்களைக் கண்ட இடத்தில் பிடித்துக் கொளுத்தி வந்தது. அந்த அச்சத்தால், அமெரிக்கக் கொடி ஏற்றிய வாணிகக் கப்பல்கள் பல சரக்குக் கிடைக்காமல் சிங்கப்பூரிலேயே நங்கூரமிட்டு முடங்கிக் கிடந்தன. நிலக்கரி ஏற்றிக்கொண்டு 24ஆம் நாள் புறப்பட்ட 'அலபாமா', அன்றே மலாக்கா நீரிணையில், மௌல்மேனிலிருந்து அரிசியுடன் சிங்கப்பூர் நோக்கி வந்துகொண்டிருந்த 'மார்ட்டபான்' என்னும் கப்பலைப் பிடித்துத் தீக்கிரையாக்கியது.

இத்துணைப் பெயர் பெற்ற தென்னாட்டுக் கப்பல் தென்னாட்டில் கட்டப்பட்டதன்று. இங்கிலாந்தில் பெர்க்கன்ஹெட் நகரத்து லேர்டு கம்பெனியாரின் பட்டறையில் கட்டப்பட்டது. ஏன்? தென்மாநிலங்களில் மரம் இல்லையா? கருவாலியும் ஊசியிலை மரமும் அங்கே காடு காடாக நின்றன. ஆறுகள் இல்லையா? மிசிசிப்பி போன்ற பேராறுகள் ஓடின. பருத்தி விற்ற செல்வம் இருந்தது. கூலி கொடாமல் வேலை வாங்க அடிமைகள் இருந்தனர். அந்த அடிமை முறையைக் காப்பதற்காகவே அவர்கள் நாட்டைப் பிரித்துக்கொண்டு போருக்கு வந்தார்கள். இவ்வளவும் இருந்தும் ஒரு நல்ல போர்க்கப்பலைத் தம் மண்ணில் கட்டி முடிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அந்தப் பாட்டைத் தொட்டுப் பார்த்தால், கப்பல் என்பது எத்தனை தொழில்களின் கூட்டு என்பது விளங்கும்.

ஒரே ஓர் ஆலை

போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டில் தென்னாட்டுக் கடற்படை அமைச்சராக அமர்ந்தவர் ஸ்டீபன் மல்லோரி. முன்பு அமெரிக்க மேலவையில் கடற்படைக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர். ஆகவே உலகக் கடற்படைகளில் நடந்துவந்த மாறுதல்களை அவர் நன்கு அறிவார். பிரெஞ்சுக்காரர் 'குளுவார்' என்னும் கவசக் கப்பலை அதற்குள் மிதக்க விட்டுவிட்டனர். ஆங்கிலேயர் 'வாரியர்' என்பதைக் கட்டிக்கொண்டிருந்தனர். வடவரிடம் மரக்கப்பல்கள் ஏராளம்; அவற்றுடன் எண்ணிக்கையில் போட்டியிடுவது தென்னவர்க்கு ஆகாத காரியம். குண்டு துளைக்காத கவசக் கப்பல் சில இருந்தால் மரக்கப்பல் பலவற்றை வெல்லலாம் என்பது மல்லோரியின் கணக்கு. 1861 மே மாதத்திலேயே இதனை அவர் எழுத்தில் வற்புறுத்தினார். கணக்கு தவறன்று. ஆனால் கவசத்துக்கு வேண்டிய இரும்புத் தகட்டை உருட்டுவது யார்?

அன்றைய அமெரிக்காவில் இரும்புத் தொழில் பெரும்பாலும் வடக்கே இருந்தது. பெனிசில்வேனியா மாநிலம் ஒன்றே நாட்டின் வார்ப்பிரும்பில் பாதிக்கு மேல் உண்டாக்கியது. தெற்கே கப்பற்கவசம் உருட்டத்தக்க பெரிய ஆலை என்று சொல்ல, போர்த் தொடக்கத்தில், ரிச்மண்டு நகரத்து டிரெடெகர் இரும்பாலை ஒன்றுதான் இருந்தது. ஜோசப் ஆண்டர்சன் என்பார் அதன் உரிமையாளர். பீரங்கி வார்ப்பது அந்த ஆலை. குண்டு செய்வது அந்த ஆலை. இருப்புப்பாதைக்கு வேண்டியவற்றைச் செய்வதும் அதே ஆலை. இப்போது கப்பற்கவசமும் அதன் தலையில் ஏறியது.

ஆலைக்கும் மூலப்பொருள் வேண்டுமே! டென்னசி, கம்பர்லாந்து ஆறுகளின் கரையில் தென்னவரின் சிறந்த உருக்குலைகள் பல இருந்தன. 1862 பிப்ரவரியில் ஹென்றிக் கோட்டையும் டொனல்சன் கோட்டையும் வீழ்ந்தபோது அந்த வட்டாரமே வடவர் கைக்குப் போயிற்று. அதன்பின் டிரெடெகர் ஆலை, தன் முழு ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கே இரும்பு கிடைக்கப்பெற்று இயங்கியது. உருளைகள் இருந்தன, உலைகள் இருந்தன, உருட்டுவதற்குப் பொருள் இல்லை. ஆலை முதலாளிகள் தாமே மலைப்பக்கத்து உருக்குலைகளை வாங்கி நடத்தத் தலைப்பட்டனர். தொழிலாளரில் பெருந்தொகையினர் அடிமைகளாயினர்.

'மெரிமாக்'கின் மறுபிறப்பு

1861 ஏப்ரல் 20ஆம் நாள் இரவு வடவர், நார்போக் நகரையடுத்த காஸ்போர்ட்டுக் கப்பற்பட்டறையைத் தீயிட்டு விட்டு விலகினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட பீரங்கிகள் தென்னவர் கைக்கு வந்தன. நீர்மட்டம்வரை எரிந்து மூழ்கிய 'மெரிமாக்' என்னும் நீராவிக் கப்பலும் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது அடிப்பகுதியும் எந்திரமும் தேறும் எனத் தோன்றின. அந்த எந்திரமோ, பழுதுடையதென்று வடவராலேயே முன்னமே தள்ளப்பட்டது. போதாக்குறைக்கு உப்புநீரில் ஒரு மாதம் ஊறியும் கிடந்தது. புதிதாய் ஓர் எந்திரம் செய்ய வழி இருந்திருந்தால் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

கப்பலின் மேற்பகுதியில் கூரை வீடுபோல ஓர் அமைப்பு எழுப்பினர். அதன் சுவர்கள் 36 பாகைச் சாய்வில் அமைந்தன. சாய்ந்த சுவரில் படும் குண்டு வழுக்கிப் போய்விடும் அல்லவா? இரண்டடிக் கனமுள்ள மரச்சுவரின்மேல் இரும்புத் தகடு போர்த்த வேண்டும். முதலில் ஓரங்குலத் தகடுகளை அடுக்குவது என்று திட்டமிட்டனர். ஜான் புரூக் என்னும் கடற்படை அதிகாரி மாதிரிச் சுவர் ஒன்றை எழுப்பிப் பீரங்கியால் சுட்டுப் பார்த்தார். ஓரங்குலத் தகட்டு அடுக்குத் தாங்கவில்லை. ஈரங்குலத் தகடு இரண்டு அடுக்குத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று.

முடிவு செய்வது எளிது. ஓரங்குலத் தகட்டில் ஆணித்துளையை எந்திரத்தால் குத்தியே போட்டுவிடலாம். ஈரங்குலத் தகட்டில் அது நடவாது, துளைப்பான் கொண்டு ஒவ்வொன்றாகக் கடைந்தெடுக்க வேண்டும். டிரெடெகர் ஆலை தன் கருவிகளை மாற்றியமைத்துக்கொண்டது. 8 அங்குல அகலமுள்ள அத்தகடுகளுக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? காஸ்போர்ட்டுப் பட்டறையில் எரிந்து கிடந்த பழைய இரும்பு போயிற்று. பால்ட்டிமோர் - ஒகையோ இருப்புப்பாதையிலிருந்து பிடுங்கிய தண்டவாளமும் போயிற்று. தண்டவாளத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கட்டாக அடுக்கி, வெண்ணிறமாகக் காய்ச்சி, உருளைகளின் இடையே விட்டுத் தகடாக்குவது முறை. இவ்வாறு உருவான கவசத்தின் எடை 700 டன்னுக்கு மேல்.

தகடு உருண்டபின் இன்னொரு தடை. அதை ஏற்றிச் செல்லத் தட்டு வண்டி இல்லை. படையும் உணவும் குதிரைத்தீவனமும் ஏற்றுவதிலேயே இருப்புப்பாதைகள் திணறின. ஆலை முற்றத்தில் தகடுகள் வாரக்கணக்கில் கிடந்தன. அங்கே கப்பல் தச்சரும் கொல்லரும் கைகட்டிக் காத்திருந்தனர்.

'வர்ஜீனியா' என்று புதுப்பெயர் பெற்ற அந்தக் கப்பல் 1862 மார்ச் 8ஆம் நாள் வெளிப்பட்டு, 'கம்பர்லாந்து' என்ற கப்பலை முட்டி மூழ்கடித்தது. 'காங்கிரஸ்' என்பதை எரித்தது. மறுநாள் வடவரின் 'மானிட்டர்' வந்து எதிர்நின்ற கதை வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளது. 'மானிட்டர்' கட்டப்பட்ட முறைதான் இங்கே நோக்கத்தக்கது. 1861 அக்டோபர் 25இல் அதற்கு அடிமரம் இடப்பட்டது. 1862 ஜனவரி 30இல் நீரில் இறங்கியது. உடல் ஒரு பட்டறையில், சுழலும் பீரங்கிக் கூண்டு வேறொரு பட்டறையில், எந்திரம் மூன்றாவது பட்டறையில், தகடுகள் வெவ்வேறு ஊர் ஆலைகளில் என்று வேலை பங்கிடப்பட்டது. வடவர்க்கும் கனத்த தகடு எளிதில் கிடைக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால்தான் கூண்டின் சுவரை ஓரங்குலத் தகடு எட்டு அடுக்காகச் செய்தனர். ஆனால் ஓர் ஆலை கைவிரித்தால் இன்னோர் ஆலைக்குப் போக அவர்களால் முடிந்தது. மேற்கே செயின்ட் லூயி நகரில் ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பொறியாளர் 1861 ஆகஸ்டில் ஒப்பந்தம் எழுதி, அடுத்த ஜனவரிக்குள் ஏழு கவசப் படகுகளைப் போருக்குத் தந்துவிட்டார். தென்னவர் ஒரு கப்பலுக்குத் தகடு தேடிய காலத்தில் இவ்வளவும் நடந்தது.

'வர்ஜீனியா'வின் முடிவும் பொருட்குறையால் விளைந்ததே. கிடைத்த அடிப்பாகத்தின்மேல் கட்டியதால் அது ஏறத்தாழ 22 அடி ஆழத்து நீரில்தான் மிதக்கும். நார்போக் நகரம் கைவிடப்பட்டபோது ஜேம்ஸ் ஆற்றின் ஆழமில்லாத வழியே ரிச்மண்டுக்கு அதைக் கொண்டுசெல்ல இயலவில்லை. மே 11ஆம் நாள் அதன் மாலுமிகளே அதைக் கொளுத்தினர்.

ஆனையும் அங்குசமும்

ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கு அலைந்தான் என்பார்கள். நியூ ஆர்லியன்சில் 'மிசிசிப்பி' என்னும் கவசக் கப்பலுக்கு நேர்ந்தது அதுவே. டிப்ட் உடன்பிறந்தார் இருவர் அதைக் கட்ட முன்வந்தனர். கப்பல் கட்டிப் பழக்கமில்லாதவர்கள், ஆனால் அறிவுள்ளவர்கள். கப்பல் தச்சர் கிடைப்பது அரிது, வளைந்த மரம் அறுப்பது அதனினும் அரிது என்று கண்டு, வீடு கட்டும் தச்சரே கட்டத்தக்கவாறு நேர்க்கோடும் மூலையுமாகக் கப்பலை வகுத்தனர். 1861 அக்டோபரில் வேலை தொடங்கியது. கவசத் தகட்டை அட்லாண்டா நகரத்து ஆலை உருட்டத் தொடங்கியது.

கப்பலைத் தள்ளும் விசிறிகள் மூன்று. நடுவிசிறிக்கு மிக நீண்ட இரும்புத் தண்டு வேண்டும். அத்தகைய தண்டை அடித்து உருவாக்கும் சம்மட்டி எந்திரம் ரிச்மண்டுப் பக்கத்திலேதான் இருந்தது. தண்டு முடிந்து, தென்னாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருப்புப்பாதையில் வந்து சேரும்போது 1862 ஏப்ரல் ஆகிவிட்டது. அம்மாதம் 19ஆம் நாள் கப்பலை நீரில் இறக்கினர். 25ஆம் நாள் வடவரின் கப்பற்படை நகரை வந்தடைந்தது. பீரங்கி ஏற்றாத, கவசம் முடியாத அந்தப் பெருங்கப்பலைத் தென்னவர் தாமே எரித்தனர். சில வாரம் தவணை கிடைத்திருந்தால் நகரம் தப்பியிருக்கும் எனச் சொல்வாருண்டு. அப்படிச் சொல்வது மிகை. முடியாத கப்பலின் வலிமையைப் பற்றி எதையும் சொல்லிக்கொள்ளலாம்.

இரும்பை இரும்பு தின்றது

தென்மாநிலங்களில் போர்த் தொடக்கத்தில் சுமார் 9,000 மைல் இருப்புப்பாதை இருந்தது. வடக்கே அதைப்போல் இருமடங்குக்கு மேல். போர் நடந்த ஆண்டுகளில் தெற்கே புதுத் தண்டவாளம் உருட்டப்படவே இல்லை எனலாம். ஓட ஓடத் தேய்ந்தவற்றை மாற்ற வேண்டும். பகைவர் பிடுங்கியவற்றைத் திரும்ப இட வேண்டும். கடலில் வடவரின் முற்றுகை இருந்ததால் வெளிநாட்டுத் தண்டவாளமும் வாராது. ஆகவே முக்கியமல்லாத பாதைகளைப் பெயர்த்து முக்கியமான பாதைகளில் இடுவது என்று அரசு முடிவு செய்து, எந்தப் பாதையைப் பெயர்க்கலாம் என்று பார்ப்பதற்காக 1863 ஜனவரியில் ஒரு குழுவையும் அமைத்தது.

அதே பழைய தண்டவாளத்தின்மேல் கடற்படையின் கண்ணும் விழுந்தது. தகடு உருட்ட அதைவிட நல்ல பழைய இரும்பு வேறில்லை. தகடு உருட்ட ஆலை கிடைக்காத இடங்களில் தண்டவாளத்தை அப்படியே கப்பலின்மேல் அடித்துவிடவும் செய்தனர். தண்டவாளத்தின் குறுக்குவெட்டு ஒரு பக்கம் அகன்றும் ஒரு பக்கம் குறுகியும் இருப்பதால், ஒன்றை நிமிர்த்தும் அடுத்ததைக் கவிழ்த்தும் கோத்தால் இடைவெளி குறையும். கவசமாகும், ஆனால் தகட்டைப்போல் ஆகாது. வளைவான இடத்தில் பொருந்தாது. குண்டு விழுந்தால் ஆணி தெறிக்கும்.

மத்தளத்துக்கு இருபக்கமும் இடி. படைத்துறை, பாதை வேண்டும் என்றது. கடற்படை, கவசம் வேண்டும் என்றது. இருப்புப்பாதைக் கம்பெனியார் தம் சொத்துப் போகிறதே என்று தடுத்தனர். வடகரோலினா மாநில ஆளுநர் செபுலன் வான்சு, கம்பெனித் தண்டவாளத்தைக் கடற்படைக்கு விட்டுக்கொடுப்பதில் நெடுநாள் இழுபறி செய்தார். மாநில உரிமை பேசிப் பிரிந்து வந்த அரசு அது. மாநிலத்தின் தண்டவாளத்தை மைய அரசு கேட்டால் மாநிலம் மறுக்கிறது. அதை மறுக்க மைய அரசுக்கு வாய் ஏது?

இதிலே ஒரு கொடிய சுழல் அமைந்திருந்தது. அலபாமா மாநிலச் சுரங்கங்களில் இரும்பு புதிதாய் எடுக்கப்பட்டது. செல்பி ஆலையில் தகடும் உருண்டது. அந்தத் தகடு கப்பல் கட்டும் ஆற்றங்கரைக்கு வர வேண்டுமானால் இருப்புப்பாதை வேண்டும். கப்பலுக்காகப் பாதையைப் பிடுங்கினால், அடுத்த கப்பலுக்குரிய தகடு வர வழியில்லாமற் போகும். எங்கோ ஓரிடத்தில் இரும்பு இருந்துகொண்டே, வேண்டிய இடத்தில் இல்லாமற் போனதுதான் தென்னவரின் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை வளர்த்ததில் மல்லோரிக்கும் பங்குண்டு. ஐம்பது கவசக் கப்பல்களுக்கு வேலை தொடங்கினார். முடிந்து கொடியேறியவை இருபத்திரண்டு. கிடைத்த இரும்பைப் பாதிக் கப்பல்களுக்கு மட்டும் ஒதுக்கியிருந்தால் அவையேனும் காலத்தில் முடிந்திருக்கும்.

ஆற்றங்கரைக் கொல்லுலை

இக்குறைகளுக்கிடையே சிலர் செய்த முயற்சி வியக்கத்தக்கது. மெம்பிஸ் நகரில் தொடங்கப்பட்ட 'ஆர்க்கன்சா' என்னும் கப்பல், நகரம் வீழும் முன்பு முடியாத நிலையில் யாசூ ஆற்றினுள் இழுத்துச் செல்லப்பட்டது. 1862 மே இறுதியில் ஐசக் பிரவுன் என்ற கடற்படை அதிகாரி அதற்குப் பொறுப்பேற்கச் சென்றார். அவர் கண்டது வெறும் கூடு. எந்திரம் பிரிந்து கிடந்தது. பீரங்கிகள் தாங்கியின்றிக் கிடந்தன. கவசத்துக்கான தண்டவாளங்களை ஏற்றிய படகு ஆற்றில் மூழ்கியிருந்தது.

பிரவுன் முதலில் அந்தத் தண்டவாளங்களை ஆற்றிலிருந்து எடுத்தார். கூட்டை யாசூ நகருக்கு இழுத்து வந்தார். அண்டையிலிருந்த படையிலிருந்து இருநூறு பேரைப் பெற்றார். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கலப்பைக்கும் வண்டிச்சக்கரத்துக்கும் பட்டம் அடித்துக்கொண்டிருந்த கொல்லுலைகள் பதினான்கைத் தூக்கி வந்து ஆற்றங்கரையில் வைத்தார். தண்டவாளத்தில் துளையிட எந்திரம் இல்லை. பக்கத்தில் ஒரு நீராவிப் படகைக் கட்டி, அதில் சரக்குத் தூக்கும் எந்திரத்தைக் கொண்டு துளைப்பான்களை ஓட்டினார். பீரங்கித் தாங்கிகள், அதுவரை அப்படி ஒன்றைச் செய்தறியாதவர்களால் செய்யப்பட்டன. அவற்றுக்குரிய மரம் சில நாள் முன்பு காட்டில் நின்ற பச்சை மரம். இரவும் பகலும் வேலை. ஆற்றில் நீர் வற்றிக்கொண்டே வந்தது. தாமதித்தால் கப்பல் தரைதட்டிப் போகும்.

ஐந்து வாரத்தில் கப்பல் கப்பலாயிற்று. ஆயினும் பின்புற வளைவுக்குத் தண்டவாளத்தை வளைக்கும் கருவி கிடைக்கவில்லை. அங்கே கொதிகலன் செய்யும் மெல்லிய தகட்டை அடித்து மூடினர். பார்வைக்குக் கவசம், குண்டுக்கன்று. உலை முகப்பில் வெப்பம் தடுக்கும் உறையும் இடப்படவில்லை.

ஜூலை 15ஆம் நாள் 'ஆர்க்கன்சா' வெளியே வந்தது. வடவரின் 'காரண்டலெட்' என்ற கவசப் படகை அடித்துச் செயலறச் செய்தது. பிறகு விக்ஸ்பர்க்குக்கு மேலே நங்கூரமிட்டிருந்த இரண்டு கப்பற்படைகளின் நடுவே புகுந்து சென்றது. புகைபோக்கி சல்லடையாயிற்று, உலைக்கு இழுப்புக் காற்று இல்லை, புறப்படும்போது சதுர அங்குலத்துக்கு 120 ராத்தலாக இருந்த நீராவி அழுத்தம் 20 ராத்தலுக்கு விழுந்தது. ஓடும் ஆற்றின் வேகமே கப்பலைக் கரை சேர்த்தது எனலாம். இவ்வளவு தாங்கிய கப்பல், ஆகஸ்டு 6ஆம் நாள் பேட்டன் ரூஜ் அருகே பகைவர் நெருங்கும்போது எந்திரம் நின்று, மாலுமிகளாலேயே கொளுத்தப்பட்டது. வெளிவந்து 23ஆம் நாள்.

எந்திரம் இப்படி நின்றுபோனது தற்செயலன்று. கடற்போர்க் கப்பலுக்குரிய எந்திரம் செய்யத்தக்க பட்டறை தெற்கே மிகச் சில. ஜார்ஜியாவில் கொலம்பஸ் நகரத்துக் கடற்படை இரும்பாலை அவற்றுள் ஒன்று. மற்றபடி ஆற்றுப்படகுகளின் பழைய எந்திரங்களைக் கழற்றிக் கவசக் கப்பலில் வைத்தனர். பயணிகளை ஏற்றி மிதந்த படகின் எந்திரம், நூற்றுக்கணக்கான டன் இரும்பைச் சுமந்த கப்பலைத் தள்ள வேண்டும். மொபீல் விரிகுடாவைக் காத்த 'டென்னசி' அவ்வகையினதே. 1863 பிப்ரவரியில் நீரில் இறங்கிய அக்கப்பல், கவசமும் பீரங்கியும் ஆளும் பெற்றுக் கொடியேற ஓராண்டாயிற்று. கவசம் நன்றாகவே அமைந்தது. ஆனால் சுக்கானை இழுக்கும் சங்கிலிகள் மேல்தளத்தில் வெளியே ஓடின. 1864 ஆகஸ்டு 5ஆம் நாள் போரில் அந்தச் சங்கிலிகள் அறுந்தன. திரும்ப இயலாத கப்பல் சரணடைந்தது.

சோளக்கொல்லையில் ஒரு கப்பல்

வடகரோலினாவில் ரோனோக் ஆற்றங்கரையில் எட்வர்ட்ஸ் பெரி என்ற இடத்திலே, ஒரு சோளக்கொல்லையில், 'ஆல்பிமார்ல்' கட்டப்பட்டது. ஒப்பந்தம் எடுத்த கில்பர்ட் எலியட்டுக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. பட்டறை என்று சொல்ல ஒரு கொல்லுலை. அதற்குக் கப்பல் தலைவராக அமர்ந்த ஜேம்ஸ் குக், இரும்பு வேண்டி ஆலை ஆலையாக, ஊர் ஊராக அலைந்தார். ஆணி, பட்டை, உடைந்த கருவி என்று எதையும் விடாமல் கேட்டு வாங்கியதால் 'இரும்புக்கடைத் தலைவர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது.

ஈரங்குலத் தகட்டில் ஒரு துளையிடச் சாதாரணத் துளைப்பானுக்கு இருபது நிமிடம் பிடித்தது. ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்கான துளைகள். பண்ணைக்காரராகிய பீட்டர் சுமித், முறுக்கு அலகுள்ள ஒரு துளைப்பானைத் தாமே அமைத்தார். நான்கு நிமிடத்தில் துளை விழுந்தது. இரும்பு சீவல் சீவலாய்ச் சுருண்டு வந்தது. தென்னாட்டுக் கடற்படையின் கதையில் படைத்தலைவர்கள் பேசப்படும் அளவுக்கு இத்தகையோர் பேசப்படுவதில்லை.

1864 ஏப்ரலில் போருக்குப் புறப்பட்டபோதும் வேலை முடியவில்லை. முன்புறத்திலிருந்து கனத்த சங்கிலி ஒன்றை ஆற்றடியில் இழுபட விட்டு, பின்புறம் முன்னாகக் கப்பல் மிதந்து செல்ல, மேல்தளத்தில் கொல்லுலைகள் எரிந்தன. கொல்லர்கள் சம்மட்டி அடித்துக்கொண்டே போனார்கள். 19ஆம் நாள் பிளிமத் ஊர் அருகே அது 'சவுத்பீல்டு' என்ற கப்பலை முட்டி மூழ்கடித்தது. அதே வடிவில் கட்டிய 'நியூஸ்' என்பது கவசம் முழுதும் பெறாமலே அம்மாதம் ஆற்றில் தரைதட்டி நின்றது.

மரமும் செம்பும் மனிதரும்

காடு நிறைய மரம் இருந்ததென்று முன்னே சொல்லப்பட்டது. ஆனால் கப்பல் மரத்தை வெட்டி ஓரிரு ஆண்டுகள் உலர வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். போரில் அதற்கு நேரமேது? பச்சை மரத்தால் கட்டிய கப்பல்கள் உலர உலர இணைப்பு விட்டுக் கசிந்தன, விரைவில் உளுத்தன. வடவரும் அவசரத்தில் பச்சை மரம் இட்டுப் பின்னர் வருந்தினர். பலகை இடுக்குகளில் கலப்பற்று அடிக்கச் சணற்கழிவு கிடைக்கவில்லை, பருத்தியைத் திணித்தனர். பருத்தி ஒன்றுக்குத்தான் அங்கே பஞ்சமில்லை.

செம்பின் நிலை இன்னும் மோசம். கப்பலின் அடியில் போர்த்தவும் செம்பு, வெண்கலப் பீரங்கிக்கும் செம்பு, துப்பாக்கியின் வெடிமூடிக்கும் செம்பு. 1863 இறுதியில் டென்னசியின் டக்டவுன் சுரங்கங்கள் கைவிட்டுப் போனபின், வெண்கலப் பீரங்கி வார்ப்பதை நிறுத்தினர். வடகரோலினாவில் கர்ப்பூரத்தைலமும் ஆப்பிள் சாராயமும் காய்ச்சும் செம்புப் பானைகளைத் திரட்டி வெடிமூடி செய்தனர். கப்பலுக்குச் செம்பு கேட்பார் யார்?

ஆட்குறையே எல்லாவற்றிலும் பெரிது. 1862 ஏப்ரலில் கட்டாயப் படைச் சட்டம் வந்தது. கப்பல் தச்சனும் கொதிகலன் கொல்லனும் துப்பாக்கி ஏந்திப் போர்க்களம் போனார்கள். ஒரு தச்சனைத் திருப்பித் தாருங்கள் என்று கடற்படை கேட்கும். ஒரு போர்வீரனை விட்டுத்தர முடியாது என்று படைத்தலைவர் மறுப்பார். மல்லோரியின் அறிக்கைகளில் ஆண்டுதோறும் இந்த முறையீடு உண்டு. எஞ்சிய கைவினைஞர்கள் விலைவாசி ஏறும் வேகத்துக்குக் கூலி கேட்டு வேலை நிறுத்தமும் செய்தனர்.

1864 செப்டம்பர் 1ஆம் நாள் அட்லாண்டாவைக் கைவிட்ட தென்னவர், வெடிமருந்து ஏற்றிய புகைவண்டித் தொடரைத் தாமே கொளுத்தினர். பக்கத்திலிருந்த உருட்டாலையும் அதோடு அழிந்தது. கட்டி முடிந்த கவசக் கப்பல்களில் பெரும்பாலானவை பகைவரால் மூழ்கடிக்கப்பட்டவையல்ல. ஊர் வீழும்போது சொந்த மாலுமிகளாலேயே எரிக்கப்பட்டவை. இங்கிலாந்தில் மல்லோரிக்காகக் கட்டிய கவசக் கப்பல்கள் இரண்டை அந்நாட்டரசு 1863இல் தடுத்து நிறுத்தித் தானே வாங்கிக்கொண்டது. சிங்கப்பூர் வந்து சென்ற 'அலபாமா'வும் 1864 ஜூன் 19ஆம் நாள் பிரான்சின் செர்பூர் துறைக்கு வெளியே மூழ்கியது. நெடுநாள் துறைமுகப் பட்டறை காணாததால் அதன் அடிச் செம்புத் தகடு பிரிந்திருந்தது, வெடிமருந்தும் கெட்டிருந்தது. அது எய்த குண்டொன்று பகைக் கப்பலின் பின்கம்பத்தில் பாய்ந்து, வெடிக்காமல் அங்கேயே நின்றுவிட்டது.

ஜார்ஜியா மாநிலத்துப் பெண்கள் 1,15,000 டாலர் திரட்டித் தந்து சவான்னா நகரில் கட்டிய 'ஜார்ஜியா' என்னும் கப்பலும் தண்டவாளக் கவசம் உடையது. எந்திரத்தின் வலு போதாமல் ஆற்று நீரோட்டத்தை எதிர்த்து நகரமாட்டாது. ஆகவே ஓரிடத்தில் கட்டி மிதக்கும் கோட்டையாக வைத்திருந்து, 1864 டிசம்பரில் மூழ்கடித்தனர். துறைமுகத்தை ஆழப்படுத்தும் வேலைக்காக 2015இல் அதன் எச்சங்களை எடுத்தார்கள். ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் கோத்த தண்டவாளங்கள், பெருந்துண்டுகளாய், ஆற்றுச் சேற்றிலிருந்து வெளியே வந்தன.